பழுப்பின் மேல் பழுப்பு

டெஸ்மண்ட் குவில்ட்டியின் இடது கெண்டைக்காலில்
ஒரு தீவு இருப்பதைக் கண்டுபிடித்தவள்
இரண்டாம் வகுப்பு டார்னி.
"போன வருஷம் இது சின்னதா இருந்துச்சு" என்றாளாம்,
நடுச்சாலையில்,
கரும்பு லாரி ஒன்று உறுமிக்கொண்டு காத்திருக்க.

மக்காய் நகரின் பள்ளி வாசலில்
பதினாறு வருடம் 'நில்' பலகை பிடித்தவர்.
தொப்பி உண்டு. நீளக் கைச்சட்டை உண்டு.
கீழே அரைக்கால் சட்டை.
குவீன்ஸ்லாந்து வெயில் பின்னாலிருந்து வந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.
முதலில் அவர் ஒரு மெழுகுக் கட்டி,
ஓர் எண்.

வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடித் துண்டில் ஏந்தினேன்.
மற்ற கட்டிகளுக்குப் பழுப்புச் சாயம் போதும்.
மெலனோமாவுக்கு ஆகாது,
அது தன் நிறத்தைத் தானே சுமந்து வருகிறது.
பழுப்பின் மேல் பழுப்பு:
குற்றவாளியும் சாட்சியும் ஒரே சட்டையில்.
அதனால் சிவப்பு.

நான்கு புரதங்களிடம் விசாரித்தேன்.
பக்கத்துச் செல்லைப் பற்றிய பிடி
தளர்ந்துவிட்டதா என்று ஒன்றிடம்.
எத்தனை பேர் பெருகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒன்றிடம்.
மூன்றாவது வாயே திறக்கவில்லை;
என் தவறுதான், குளிர்பெட்டியைச் சரியாக மூடவில்லை,
மறுநாள் புதுக் குப்பி உடைத்து மீண்டும் சாயமிட்டேன்.
நான்காவது ஓரத்தில் மட்டும் சிவந்தது,
கிளம்புகிறவர்கள் வாசலில் செருப்பு மாட்டுவதுபோல்.

கணினி எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னது:
ஐந்தாண்டில் பரவும் வாய்ப்பு
நூற்றுக்கு முப்பத்தொன்று.

டாக்டர் ஹாலோரன் மதியச் சாப்பாட்டில் சொன்னார்,
பெயர் சொல்லாமல்தான்.
பலகை என்றதும் தெரிந்துவிட்டது எனக்கு.
தினமும் என் வண்டியை நிறுத்துகிறவர்.

"நூறு பிள்ளைகள் கடக்கப்போகிறார்கள்,
முப்பத்தொரு பேர் அடிபடுவார்கள்,
யாரென்று மட்டும் தெரியாது. அப்படித்தானே?" என்றாராம்.
"நானாக இருந்தால் எல்லா வண்டியையும் நிறுத்துவேன்."
"அப்படி ஒரு பலகை இருக்கிறது" என்றார் டாக்டர்,
"பிடிப்பவர் கையையும் அது சுடும்."
அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லையாம்.
கெண்டைக்கால் தையலைச் சொறிந்துகொண்டாராம்.

செவ்வாய்க்கிழமை.
எட்டரை மணி.
இப்போது முழுக்கால் சட்டை, புதுசு,
மடிப்புக்கூடக் கலையவில்லை.
பலகை உயர்கிறது.
டார்னி நடப்பதில்லை, வெள்ளைக் கோடுகளை மட்டும்
மிதித்துத் தாவுகிறாள்.
அவர் உள்ளே இருந்ததைப் பார்த்தவள் நான்;
அவருக்கு என்னைத் தெரியாது.
கையசைத்துப் போகச் சொல்கிறார்.

பின்னால் யாரோ
ஹாரன் அடிக்கிறார்கள்.