சூளையடி, இல. 31/7

புதன்கிழமை. பொதுமக்கள் தினம்.
நகரசபையில் இரண்டாம் கவுண்டர் என்னுடையது.
பட்டியலைப் பார்த்து வாசிக்கிறேன்:
கதிர்காமு தவயோகம்.
வரிசையின் வாலில் ஒரு கை உயர்கிறது.
"உள்ளேன் சார்."

முன்னுக்கு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.
அவ சிரிக்கவில்லை.
மண்டபம் முகாமில் இருபத்தொன்பது வருசம்
பெயர் கூப்பிட்டால் அப்படித்தான் சொன்னாவாம்.
சொல்லாத மாதம் காசு இல்லை.

அங்கே இவர்கள் சிலோன்காரங்க.
இங்கே எங்கள் பியோன் வில்வராசா
கதவுக்குள் தலையை நீட்டிச் சொல்கிறான்,
"இந்தியாக்காரர் வந்திருக்கினம்."

அவ கேட்டது தண்ணீர்.
பழைய சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால்
இருபத்து மூன்று தகரக் கொட்டில்.
பவுசர் வாரத்துக்கு ஒருமுறை வரும்,
மழை பெய்தால் ஒழுங்கைக்குள் இறங்காது.

குழாய்க்குச் சோலைவரி இலக்கம் வேண்டும்.
இலக்கத்துக்குக் காணிப் பத்திரம் வேண்டும்.
பத்திரத்துக்கு வதிவிட அத்தாட்சி.
அத்தாட்சிக்கு,
கிராம அலுவலர் பவ்வியமாகச் சொல்கிறார்,
ஒரு தண்ணீர் பில்லைக் கொண்டு வந்தால் போதும்.

நான் இந்தச் சட்டத்தை எழுதவில்லை.
ஆனால் பதினாறு வருசமாக
அதற்குச் சீல் குத்துகிறேன்.

முதல் விண்ணப்பத்தை மான் தின்றது.
கதை இல்லை, உண்மை.
வாசலில் நிழலுக்குக் குந்தியிருந்தவவின் மடியிலிருந்து
இருபத்து மூன்று கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும்
ஒரு புள்ளிமான் நின்ற நிலையில் மென்றது.
இந்த ஊரில் மானை யாரும் முகவரி கேட்பதில்லை.
பஸ் நிலையத்தில் படுக்கும், மீன்கடைப் பக்கம் மேயும்,
சாரதிமார் ஹோர்ன்கூட அடிக்காமல் காத்திருப்பார்கள்.

இரண்டாம் விண்ணப்பம் சபைக்குப் போனது.
ஒருவர் சொன்னார், நிதி இல்லை.
ஒருவர் சொன்னார், என் வட்டாரத்திலேயே இன்னும் லைட் இல்லை.
(அது பொய்யில்லை.)
ஒருவர் சொன்னார், அவர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லையே.
பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.

வரிமதிப்புப் பகுதி முபீதா
கடலை கொறித்துக்கொண்டு சொன்னாள்:
"ஆக்களுக்குத்தானே இலக்கம் குடுக்க ஏலாது?
பொதுக்குழாய் சபைச் சொத்து. அதுக்குக் குடுக்கலாம்."

ஆகவே முதலில் குழாய்க்குத்தான் முகவரி கிடைத்தது.
இலக்கம் முப்பத்தொன்று, சூளையடி ஒழுங்கை.
குழாயிலிருந்து நான் அடி எண்ணி நடந்தேன்;
முதல் கொட்டில் 31/1, வேலியோரம் 31/2.
தவயோகம் ஏழாவது.
கரியால் எழுதிய இலக்கத்தை
சீலைத் தலைப்பால் நிழல் பண்ணிக்கொண்டு பார்த்தா.

எட்டு மாதம் கழிய
வீட்டுக்கு வீடு மீற்றர் வந்தது.
முதல் பில், முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
கட்டியதும் அதை லெமினேட் பண்ணக் கொடுத்தாவாம்,
மகன் துஷாந்தன் சொன்னான்.

அவனும் ஒரு புதன்கிழமைதான் வந்தான்.
வதிவிட அத்தாட்சியில் சபையின் சீல் வேண்டும்,
ருமேனியாவில் கோழித் தொழிற்சாலை,
இரண்டு வருச ஒப்பந்தம்,
ஏஜென்சிக்காரன் நாளைக்குள் கேட்கிறான்.

குத்தினேன்.
மை சரியாகப் பிடிக்கவில்லை, திரும்பவும் குத்தினேன்.
அந்த ஒழுங்கையில் நாங்கள் போட்ட ஒரேயொரு தெருவிளக்கு
அந்தக் கிழமைதான் எரியத் தொடங்கியிருந்தது.

தவயோகம் பின்னால் நின்றா.
பெயரை நான் கூப்பிடவில்லை, அவ கையும் உயரவில்லை.
கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து கேட்டா:
"அந்த ஊர்லயும் நகரசபை இருக்கும்ல சார்?
இவன் போய் நின்னா
என்னான்னு கேக்க
கவுண்டர்ல ஒரு ஆள் இருக்குமா?"

எனக்கு ருமேனியா எங்கே என்றே தெரியாது.
குளிராம், ஏஜென்சித் தாளில் இருந்தது.
இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

"தம்பி," என்றேன்,
"எதைக் குடுத்தாலும்
ஒரு பிரதி எடுத்து வைச்சிட்டுக் குடு.
அங்க மான் இல்லையெண்டாலும்."