ஏழு எலுமிச்சை

முதலில் முகங்களைக் கழற்று
என்றாள் வெல்டா.
வருகிறவர்கள் தங்கள் முகத்தை
மாட்டிப் பார்க்க
வெற்று ஆணி வேண்டுமாம்.
மறுநாள் போன் செய்து திருத்திக்கொண்டாள்:
ஆணியும் கூடாது.

படிக்கட்டுச் சுவரில் முப்பத்தொரு துளை.
பட்டி வைத்து ஒவ்வொன்றாய் அடைத்தேன்,
சொத்தைப் பல்லை அடைப்பதுபோல.
ரேஜான் பின்னாலேயே உப்புத்தாளோடு வந்தான்.
ஒரு துளையில் என்ன தொங்கியதென்று
அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.
அதற்கொரு சண்டை போட்டோம்.

ஜூனில் படகு போயிற்று.
படகு போன பிறகும்
எங்கள் கராஜ் மட்டும்
தினமும் கடலுக்குப் போய்வந்தது:
இறால் கூண்டுகளுக்கு வைத்த மீன் இரையின் வாடை,
இருபத்தாறு சீசன் வாடை.
காபித்தூள் தூவினோம். வினிகர் தெளித்தோம்.
மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்தோம்.
பப்னிக்கோவின் பூனைகளெல்லாம் வந்து
துக்கம் விசாரித்துப் போயின.

குளியலறைக் குழாயைச் சொல்லவேண்டும்.
பதினோரு வருடம் சொட்டியது.
அடியில் ஒரு நீலக் கிண்ணம்.
நடுராத்திரியில் எழுந்து அதைக் கொட்டுவது யார் முறை
என்பதுதான் பெரும்பாலும் எங்கள் தாம்பத்தியம்.
முன்பின் தெரியாத யாருக்காகவோ
நாலு டாலர் வாஷரில்
இருபதே நிமிடத்தில் நின்றுவிட்டது.
அன்றிரவு இருவருக்கும் தூக்கமில்லை.
நமக்கென்று ஏன் இதைச் செய்யவில்லை
என்று நான் கேட்கவில்லை.
இருட்டில் அவனே சொன்னான்:
“அப்போது சீசன் இருந்ததே, ஓடில்.”

பிறகு வேனில் வந்திறங்கின
வாடகைப் பொருட்கள்.
யாரும் உட்காரக்கூடாத வெண்ணெய் நிற நாற்காலி.
யாரும் துடைக்கக்கூடாத துண்டுகள், ரிப்பன் கட்டி.
நிறவாரியாக அடுக்கிய புத்தகங்கள்.
என் சமையல் நோட்டு
பச்சைக்குள் போனதா, பழுப்பிலா,
இன்றுவரை அகப்படவில்லை.
நடுவில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை.
தொடாதே, அவைதான் சமையலறைக்கு உயிர் என்றாள் வெல்டா.
ஒன்பது நாள்
பாத்திரம் தேய்க்கும் தொட்டியருகே நின்றபடியே
சாப்பிட்டோம். சட்டைக்கையில் முகம் துடைத்தோம்.
நாய் ஒன்றுதான் தன் வீட்டில் இருந்தது.

எல்லாவற்றையும் மறைத்தாயிற்று.
மூடுபனி ஊதலை எங்கே வைப்பது?
பனி இறங்கினால்
கலங்கரை விளக்கம் மாடு போலக் கத்தும்,
அலமாரியில் கோப்பைகள் நடுங்கும்.
வெல்டா வானிலை பார்த்து
ஞாயிறு இரண்டு மணி என்று
முகூர்த்தம் குறித்தாள்.

நாங்கள் தேவாலயத்துக்கு எதிரே டிரக்கில் இருந்தோம்.
நாய், குப்பைப் பை,
ஈரத் துண்டு, பல் துலக்கிகள்,
மடியில் அந்த நீலக் கிண்ணம்.
அதை ஏன் எடுத்து வந்தேன்?
பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள்.
ஒருவன் சுவர்ப் பலகையைத் தட்டித் தட்டி
காது வைத்துக் கேட்டான்,
மருத்துவர் போல.
இரண்டே காலுக்குப் பனி வந்துவிட்டது,
யாரையும் கேட்காமல்.
ஊதல் எழுந்ததும்
முற்றத்தில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில்
கடல் பக்கம் திரும்பினார்கள்.
யாரோ சிரித்தார்கள், பெண் குரல்.
ரேஜான் என்ஜினை அணைத்தான்.

திரும்பி வந்து எண்ணினேன்.
ஆறு.
மறுபடி எண்ணினேன்.
வெல்டாவுக்கு யாரென்று தெரியவில்லை.
கணக்கில் எழுதமாட்டேன், கவலைப்படாதே என்றாள்.
எனக்கென்ன கவலை.
பத்தொன்பது பேரில் ஒருவருக்கு
இது பசிக்கிற வீடாகத் தெரிந்திருக்கிறது.

மூன்று விலை வந்தன.
பெரிய விலை டொராண்டோவிலிருந்து;
அவர்கள் வரவேயில்லை,
திரையிலேயே அறை அறையாகப் பார்த்தார்களாம்.
திரையில் ஊதல் கேட்காது.
எலுமிச்சை எடுத்தவருக்கே கொடுத்தால் என்ன
என்றேன்.
“எலுமிச்சைக்கு வங்கிக் கடன் அடையுமா?”
அடையாதுதான்.
கையெழுத்துப் போட்டோம்.

அன்று மாலை மீன் பொரித்தேன்,
வீடு முழுக்க மணக்கும்படி, ஜன்னல் திறக்காமல்.
கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து அறுத்தேன்.
ரேஜான் தட்டோடு வந்து
கொஞ்சம் தயங்கி
வெண்ணெய் நிற நாற்காலியில் உட்கார்ந்தான்.
“முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது” என்றான்.
வெளியே பனி.
கிண்ணத்தில் ஐந்து.