மூன்றாம் நாள்

மொண்டுல்கிரிக் காட்டுக்குள்
இருபது கிலோமீட்டர் பைக்கில் வந்திருக்கிறேன்,
ஒரே ஒரு மாத்திரை விழுங்கப்படுவதைப் பார்க்க.

ஞெல் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.
காய்ச்சல் முதல் நாளே போய்விட்டதாம்.
போகும்தான்.
இந்த மாத்திரைக்குள் இரண்டு பேர்.
ஒருவன் அவசரக்காரன்,
வருவான், அடிப்பான், சாயங்காலமே கிளம்பிவிடுவான்.
மற்றவன் மந்தன்.
ரத்தத்தில் வாரக்கணக்கில் குடியிருந்து
பதுங்கிய கடைசிக் கிருமிக்காகக் காத்திருப்பான்.
கெட்ட கனவுகளும் இவன் வேலைதான்.

"கனவுக்குப் பயந்தா நிறுத்தினாய்?"
இல்லையாம்.
நேற்றிரவு த்ரெங் வந்தானாம்,
போன மழைக்காலத்தில்
இதே குளிர்காய்ச்சலில் செத்த தம்பி.
நனைந்த சட்டையோடு நின்று
கோடாலியை எங்கே வைத்தாய் என்று கேட்டானாம்.
பதில் சொல்வதற்குள் விடிந்துவிட்டது.

பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினான்.
உப்புப் பொட்டலத்தின் பக்கத்தில் மாத்திரை.
"இதை வைத்துக்கொள்ளட்டுமா,
அவனைப் பார்க்கத் தோன்றும் நாளுக்கு?"

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
நீட்டியபடி நின்றேன்.
கை கடுத்தது.

விழுங்கினான்.
பதிவேட்டில் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.
பைக்கை உதைக்கும்போது கேட்டது,
"கூரை இடுக்கில், கூரை இடுக்கில்" என்று
அவன் சொல்லிப் பார்த்துக்கொள்வது.