ஐந்து நொடி உபரி

கடலூர் முதுநகரில்
ஐஸ் பேக்டரிக்கு மாடியில் எங்கள் அலுவலகம்.
கீழே கட்டி உடைபடும்போதெல்லாம்
என் மேசையில் டம்ளர் நடுங்கும்.

செயலி ஒன்றுதான்.
பிழைக்க வேண்டியதோ நான்கு வீட்டில்:
தையல்நாயகியின் கீறல் விழுந்த ஆண்ட்ராய்டில்,
சங்கத்துக் கணக்கரின் விண்டோஸ் பெட்டியில்,
துபாயிலிருந்து வந்திறங்கிய மருமகனின் ஐபோனில்,
முத்தியால்பேட்டை அர்சேனின் மேக்கில்.
நான்கிலும் ஒரே நீலம், ஒரே பொத்தான்.
குரல் மட்டும் ஒத்துவரவில்லை.

விடியற்காலை நாலரைக்குத்
துறைமுகத்தில் தையல்நாயகி விடும் ஏலத்தைப்
பதிய வேண்டும்.
காற்றை வடித்து, சுருக்கிக் கட்டி,
தகராறு வந்தால் எடுத்துக் கேட்கத் தோதாக
வைக்க வேண்டும்.
நாமா எழுத முடியும் இதையெல்லாம்?
முகம் தெரியாத யார் யாரோ
வருடக்கணக்கில் எழுதிய நூலகம்
சும்மா கிடைக்கிறது.
இறக்கு, சொருகு, அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த அவ்வளவுதானுக்குள்
பதினொரு நாள் இருந்தது.

பழைய போனுக்கு ஒரு கட்டு, புதியதற்கு வேறு கட்டு.
பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கோப்பைக்
காணோம் காணோம் என்றது விண்டோஸ்.
ஆப்பிளுக்குக் கட்ட மேக் வேண்டும்,
மேக்கோ புதுச்சேரியில்.
பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
பேருந்தில் நின்றேன்.
முள்ளோடையில் பாதிக் கூட்டம் இறங்கியது.
எதற்கென்று கேட்கத் தேவையில்லை.
அதே மண், அதே வேப்பமரம்.
பெட்ரோல் விலை மட்டும் வேறு.

உரிமத்தைப் படித்தாயா என்றான் அர்சேன்,
வாய் நிறைய ரொட்டியோடு.
படிக்கவில்லை.
சும்மா கிடைக்கிறது, ஆனால் சும்மா இல்லை அது.
உன் மாவோடு பிசைந்துவிடாதே,
தனிக் கிண்ணத்தில் வை.
நாளைக்கு ஒருவன் கழற்றி வேறு மாட்டினால்
மாட்ட வரவேண்டும்.
யார் செய்தது என்பதையும் எழுது.
அன்று மாலை முழுக்கக்
கிண்ணம் கழுவினேன்.

பன்னிரண்டாம் நாள் ஓடியது. நான்கிலும்.
சங்க அலுவலகத்தில் கணினியைத் திறந்து
பொத்தானை அழுத்தினால்
ஸ்பீக்கரில் யாரோ தடித்த தொண்டைக்காரர்,
தூக்கக் கலக்கத்தில்
வஞ்சிரம் விற்கிறார்.

சிரித்தார்கள். கணக்கர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.
தையல்நாயகி சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது.
போன் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துளி அள்ளுகிறது.
கணினி நாற்பத்து நான்காயிரத்து நூறாய் ஊற்றுகிறது.
அறுபது நொடி ஏலம்
அறுபத்தைந்து நொடியாய் நீள்கிறது.
ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது,
இதோ அக்கா, இரண்டே நிமிடம்...

இரு, என்றாள். அப்படியே விடு.
மறுபடி வை.

படகுக்காரர் ராசாங்கம் மூன்று நாளாய்ச் சொல்வது இதுதான்:
அறுநூற்று நாற்பதுக்கு முடித்தபோது
பின்னாலிருந்து ஐம்பது என்றான் ஒருவன்,
உன் காதில் விழவில்லை.
அவள் சொல்வது: அப்படி எவனும் சொல்லவில்லை.

மறுபடி வைத்தேன்.
அவள் குரல் கனத்து இழுபட்டு
ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே
சந்து விட்டது.
அந்தச் சந்தில், கூடை இழுபடும் ஓசைக்கு அடியில்,
யாரோ ஐம்பது என்றார்கள்.

மூன்று தடவை கேட்டாள்.
மின்விசிறியை நிறுத்தச் சொல்லி நாலாவது தடவை.
பிறகு சுருக்குப்பையை அவிழ்த்தாள்.
கிலோவுக்குப் பத்து, முப்பத்தெட்டு கிலோ.
ராசாங்கம் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.
வேறு யாராவதாக இருந்தால்
இருபது ரூபாய் மீதி கொடுத்திருப்பார்கள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
அந்த மெதுவா ஓடுறது இருக்கட்டும்.
ஆனா என்னை ஆம்பளை ஆக்காதே.

எண்ணைத் திருத்திவிட்டேன்.
அறுபது நொடி அறுபது நொடியாகவே ஓடுகிறது.
ஆள் மாறாமல் மெதுவாக்க
இன்னொரு வடிகட்டி இருக்கிறதாம்.
நான் கட்டிய கட்டில் அதைச் சேர்க்கவில்லை,
எடை குறையட்டும் என்று நானே விலக்கியது.
இனி முதலிலிருந்து,
நான்கு வீட்டுக்கும்.

கீழே லாரி வந்துவிட்டது. கட்டி உடைக்கிறார்கள்.
முள்ளோடை வழியாக முதல் பேருந்து எத்தனை மணிக்கு?
பென்டிரைவை எந்தக் கைக்குட்டையில் முடிந்தேன்?