இடது வளைவுகள்

செவ்வாய்க்கிழமை ரியேகா நீதிமன்றத்தில்
மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டோம்.
வெள்ளிக்கிழமை க்ரோப்னிக் ஓடுதளத்தில்
நான்காவது.
ஓட்டுநர்: வ்யேரான். பயணி: யத்ரான்கா.
'ஆபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்ல?'
என்று படிவம் கேட்டது.
ஒன்பது வருடமாக
அவன் என் பெயரை எழுதினான், நான் அவன் பெயரை.
ஒரே வண்டியில்தானே விழுவோம் என்று
இருவருக்குமே தோன்றியதில்லை.
இந்த முறை அவன் ஓசியெக் அக்காவை எழுதினான்.
நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
மேல்மாடிக்காரியின் எண்ணைப் போட்டேன்.

பயணி என்பது பேச்சுக்கு.
உட்கார இருக்கை கிடையாது,
எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது.
மூன்று சக்கரம், ஒரு தகடு, இரண்டு கைப்பிடி,
ஐம்பத்து நான்கு கிலோ நான்.
வலது வளைவென்றால் வெளியே தொங்குவேன்,
இடுப்பெலும்புக்கும் தாருக்கும் நடுவே
ஒரு பட்டை டேப்.
இடது வளைவென்றால்
அவன் முதுகின்மேல் ஏறிப் படர வேண்டும்.

வெள்ளி முழுக்கப் புரா.
மலையிலிருந்து இறங்கி
ஸ்லோவேனியர்களின் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்
ஆம்புலன்ஸ்மேல் போர்த்தியது அந்தக் காற்று.
காலைப் பயிற்சி ரத்து.
மாலையில் ஆறே சுற்று.
பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது.
டயர் சூடேறவில்லை என்றான்.
ஆமாம் என்றேன்.

சனி. தகுதிச்சுற்று.
பதினோராம் இடம்.
எங்களுக்குப் பின்னால்
கியர் உடைந்த ஒரு டச்சு வண்டி மட்டும்.
கூடாரத்தில் அவன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி,
என்னைப் பார்க்காமல்,
"தொடாமல் ஏறப் பார்க்கிறாய்" என்றான்.

உண்மைதான்.
என் மார்புக்கும் அவன் முதுகுக்கும் இடையில்
மூன்று விரற்கடை விட்டிருந்தேன்.
நீதிமன்றம் கேட்டுக்கொண்டதைவிட
கொஞ்சம் கூடுதலான மரியாதை.
அந்த இடுக்கில் காற்று புகுந்து
சுற்றுக்கு ஒன்றரை விநாடி தின்றது.

இரண்டாம் தகுதிச்சுற்றில்
முதல் இடது வளைவு.
கண்ணை மூடவில்லை. மூடினால் செத்தோம்.
ஏறினேன். ஒட்டினேன்.
ஏழாம் இடம்.
இருவரும் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்காமல்
அவரவர் புட்டியில் குடித்தோம்.

ஞாயிறு, பதினாறு சுற்று.
முதல் மூன்றைப் பற்றிச் சொல்ல
எனக்கு ஒன்றும் தெரியாது;
புகை, யாரோ ஒருவரின் முழங்கை, சிவப்பு நிறம்.
பிறகு அவன் முதுகு பேச ஆரம்பித்தது.
விலா விரிந்தால் பிரேக்.
வலது தோள் இறுகினால்
உள்ளே புகப் போகிறான், பிடி.
சமையலறையில் பொய் சொன்னவன்தான்.
தொலைபேசியில், கடிதத்தில்,
ஒருமுறை என் அம்மாவின் சவ அடக்கத்தில்கூட.
முதுகால் சொன்னதே இல்லை.

பன்னிரண்டாம் சுற்றில் சுவிஸ் ஜோடி சுழன்று
சரளைக்குள் போனது. மஞ்சள் கொடி.
நாங்கள் மூன்றாவது.
நான்கு சுற்று நாங்கள் மூன்றாவது!
கடைசி நேர்ச்சாலையில் ஹங்கேரி அண்ணன் தம்பி
என் ஹெல்மெட்டை உரசாத குறையாகக் கடந்தார்கள்,
தம்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தான்,
மன்னிப்புப்போல.
அரைச் சக்கரம்.
நான்காம் இடத்துக்கு மேடை கிடையாது.
கை கழுவும் பசை ஒரு டப்பா தந்தார்கள்.

தோலுடையை உரித்தபோது
இடுப்பில் டேப் இருந்த இடம் புண்.
அவன் வேனில் வண்டியை ஏற்றினான்.
பாகப்பிரிவினையில் வேன் அவனுக்கு, வீடு எனக்கு,
மூன்று சக்கரம் மட்டும் பொதுவில்.
வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.
"அடுத்த மாதம் ஓஷர்ஸ்லேபன்," என்றான்.
கேள்வியா என்று தெரியவில்லை.
டப்பாவை யார் எடுத்துக்கொள்வது என்று
இருவரும் நின்றோம்.

கார்லோவட்ஸ் பேருந்தில் திரும்பினேன்.
மலைச்சாலையின் முதல் இடது வளைவில்
என் உடம்பு தானாகக் கிளம்பிவிட்டது.
பக்கத்து இருக்கைக்காரர்
வெங்காயப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு
ஜன்னலோரம் ஒண்டினார்.
இன்னும் முப்பது வளைவாவது இருக்கும்.