பங்களா விளக்கு

நாலு கோயில் சாவியும் ஒரே வளையத்தில்.
எங்கள் மூக்கையூர்ச் சாவி எதுவென்று
கஸ்மீர் சாமிக்கு இன்னும் தடுமாற்றம்.
போதாததற்குப் பள்ளிக்கூடத் தாளாளர் வேலை.
குடியிருப்பு சாயல்குடியில்.

ஆயருக்கு எழுதிய மனுவில்
முப்பத்தேழு கையெழுத்து, பாதி ரேகை.
கோயில்பிள்ளை நான் மட்டும் போடவில்லை.

மாசியில் ஒரு ராத்திரி
ராயப்பனுக்கு மேல்மூச்சு வாங்கியது.
மூன்று முறை போன் அடித்தேன்.
எண்ணெய்ச் சிமிழோடு சாமி வந்து இறங்கையில்
தாடை கட்டியாயிற்று.
விக்டோரியாள் ஒன்றும் கேட்கவில்லை.
உட்காருங்க என்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் அவர் சொன்னார்:
"ஆளில்லையப்பா. ஒரு உடம்பு, நாலு பீடம்."
பொய்யில்லை.
பூசைக்கு முன்னால் சக்ரீஸ்து பெஞ்சில்
செருப்போடு அவர் தூங்கியதைப் பார்த்தவன் நான்.

பிறகு கரண்ட் பில்லை நீட்டினார்:
"யாருமில்லாத பங்களாவுக்கு இவ்வளவா?"

பொழுது சாய மாடி விளக்கைப் போடுவது நான்தான்.
சாமி இருக்கார் என்று ஊர் நினைக்கட்டுமே
என்றுதான் தொடங்கினேன்.
இப்போது வத்தைக்காரர்கள்
அதைப் பார்த்துக் கரை பிடிக்கிறார்கள்.

அதைச் சொல்லவில்லை.
"சம்பளத்தில் பிடிச்சுக்கங்க சாமி" என்றேன்.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன்.
பிடிக்கவில்லை. நல்ல மனுஷன்.

அன்றைக்குத்தான்
மனுவில் கையெழுத்துப் போட்டேன்.