கிராஸ் பீஸ்

உனக்குத்தான் துணி தெரியும், வா என்று
ஐந்து ரவிக்கை பாக்கி இருக்கும் நாளில்
என்னை அந்தேரியில் ரயிலேற்றினாள்
சுலபா தாண்டேல்.
பெயர்தான் சுலபா.
மஸ்ஜித் பந்தரில் இறங்கி
கைவண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு
நாக்தேவி தெருக் கடையைப் பிடித்தபோது
என் பொட்டு மூக்குக்கு வந்திருந்தது.

துணி யாருக்கு?
படகுக்கு.
இருபத்தாறு அடி, இருபத்தெட்டு வயது.
வெர்சோவா சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கிறது.
வங்குகளில் ஒன்பது இற்றுவிட்டன.
பின்பலகையில் கட்டைவிரலை வைத்தால்
ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்குகிறது.
எஞ்சின் மட்டும் புதுசு,
தவணை இன்னும் ஓடுகிறது.

முர்தஸா பாய் மூன்று சுருளை இறக்கினார்.
முதலாவது மேட்.
பாவும் இல்லை, ஊடையும் இல்லை.
சலூன் தரையில் கூட்டிக் குவித்த நரைமுடியைப்
பசைபோட்டுத் தட்டிய அப்பளம்.
மலிவு, எல்லாரும் இதைத்தான் என்றார்.
எபாக்ஸிக்குமா என்றாள் சுலபா.
பாய் தலையைச் சொறிந்தார்.

ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள் என்றேன்.
பட்டென்று சொல்லி யார் எதை நீட்டினாலும்
ஒரு நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கிறவள் நான்.
தேநீர்க் கப்பில் இரண்டுக்கு ஒன்று கலந்து
ஐஸ் குச்சியால் தடவினார்.
மேட் வெள்ளையாகவே முறைத்தது.
உள்ளிருக்கும் பசை இதில் கரையாதாம்,
அது வேறொரு ரெசினுக்கு வாக்கப்பட்டது.

இரண்டாவது, நெய்த துணி.
சொட்டு விழுந்த இடம்
முதலில் சாம்பல், பிறகு ஈரம்,
பிறகு துணியே இல்லை.
அடியில் கிடந்த குஜராத்திப் பேப்பரிலிருந்து
ஒரு நகைக்கடை விளம்பரம் மேலே வந்தது.
உள்ளே தெரியக் கூடாதென்று
இருபது வருஷமாக லைனிங் வைக்கிறேன்.
இங்கே,
தெரிந்தால்தான் நல்ல துணி.

மூன்றாவதில் நெசவே கிடையாது.
ஓர் அடுக்கு இப்படிச் சாய்கிறது
ஓர் அடுக்கு அப்படிச் சாய்கிறது
இரண்டையும் பிடித்து மெல்லிய தையல்.
தையலைக் கண்டதும் என் விரல் தானாகப் போனது.
சீரான தையல், குறை சொல்ல இடமில்லை.
அலை படகை இழுக்காது, பிழியும்
என்று சுலபா
இல்லாத ஈரத்துண்டைக் கையில் முறுக்கிக் காட்டினாள்.
சாய்ந்த நூல்தான் பிழிதலுக்கு ஈடு கொடுக்கும்.
விலை இரண்டாவதைப்போல் மூன்று மடங்கு.
அவள் பர்ஸை இரண்டுதரம் எண்ணினாள்.
இரண்டுதரமும் பின்பலகைக்கு மட்டுமே இருந்தது.

வங்குகளுக்கு?

கத்தரி கொடுங்கள் என்றேன்.
நெய்த துணியை மூலைக்கு மூலை மடித்து
குறுக்கே ஒரு பட்டை இறக்கினேன்.
கழுத்துக்குப் பைப்பிங்கை நேராக வெட்டினால்
வளைவில் சுருக்கு விழும், ஓரம் பிரியும்.
கிராஸில் வெட்டு,
எந்த வளைவிலும் பேசாமல் உட்காரும்.
கல்லாவின் மூலையில் போர்த்திப் பார்த்தேன்.
கண்ணாடி,
வளைந்து உட்கார்ந்தது.
மூன்று அடுக்கு போடலாம் என்றாள் சுலபா.
முக்கோணத் துண்டெல்லாம் வீணாகுமே
என்றார் பாய், என்னவோ அவர் காசு மாதிரி.
ஆணித்துளைக்கு ஒட்டுப்போடுவேன் என்றாள்.

திரும்பும்போது
இரண்டு சுருளும் எங்கள் மடியில்,
யாரோ குழந்தை என்று நினைத்து இடம் கொடுத்தார்கள்.
மழைக்குப் பதினெட்டு நாள் என்று கணக்குப் போட்டாள்.
ஈரக்காற்றில் எபாக்ஸி
மேலே பிசுபிசுவென்று வேர்த்துக்கொள்ளுமாம்.
கட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

ராத்திரி முழங்கையெல்லாம் அரிப்பு.
கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி.
வெந்நீர் ஊற்றினேன், இன்னும் ஏறியது.
விளக்கைப் போட்டு ஐந்தில் இரண்டு ரவிக்கை முடித்தேன்.

காலையில் போன் செய்து
கூலி எவ்வளவு என்கிறாள்.
கடை போர்டைப் படி என்றேன்.
கிராஸ் பீஸ் வைத்தால் தனிக் கூலி என்று
அதில் எப்போதோ எழுதி வைத்தாயிற்று.